"இன்னொரு ஆளா, போதுமா?"ன்னு கேக்குற சி புரோகிராம் எழுதுறது எப்படி

தேயிலை கொழுந்த நிறுக்குற அந்தி நிறுவை முடிஞ்சி வந்ததும் அம்மா இஸ்தோப்புல ஒக்காந்து அன்னைக்கு கொழுந்து கணக்க கூட்டி பாப்பாங்க. காலைல இவ்வளவு, பகல்ல இவ்வளவு, அந்திக்கு இவ்வளவுன்னு கொப்பில எழுதி வச்சிருப்பாங்க, ஏன்னா மாசக்கடைசில செக்ரோல்ல, அதான் தோட்டத்து கணக்குப் புத்தகத்துல, விழுந்த கிலோவும் நம்ம கையில இருக்குற கிலோவும் ஒத்து வரணும், கொறஞ்சிருந்தா அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம், போட்டுட்டாங்கன்னு அப்பவே கேக்கணும். நான் சி படிக்க ஆரம்பிச்சப்போ எழுதுன மொத உருப்படியான புரோகிராமே இதுதான், மூணு நிறுவைய கேட்டு கூட்டி சொல்றது. அம்மாவுக்கு சரியா சொல்லிச்சி. பக்கத்து காம்பரா அத்தை எட்டி பாத்து எனக்கும் பாத்து சொல்லு தம்பின்னாங்க, அதுக்குள்ள புரோகிராம் முடிஞ்சி கறுப்பு ஜன்னல் மூடிக்கிச்சி, திரும்ப ரன் குடுத்தேன், அப்புறம் இன்னொரு அக்கா வந்தாங்க, திரும்ப ரன். நாலாவது ஆள் வர்றப்போ தான் தோணிச்சி, இத புரோகிராமே கேக்கணும், இன்னொரு ஆள் இருக்கா இல்ல போதுமான்னு.

ஏ/எல் முடிச்சிட்டு டிப்ளோமா கோர்ஸ்ல சேந்து மொத மொத சி பாக்குற தம்பி தங்கச்சிங்க நெறைய பேர் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ பக்கத்துல இருந்து என்கிட்ட கேக்குற ஒரே கேள்வி இதுதான், "அண்ணே டூ வைல் போட்டேன், ஆனா கேள்விய கேட்டுட்டு நான் பதில் அடிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சி போவுது". அதனால ஒரே வேலைய திரும்ப திரும்ப செய்ய வைக்கிற லூப்ப பத்தி கொஞ்சம் சொல்லிட்டு இந்த சிக்கல பத்தி தான் நெறைய சொல்லப்போறேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன். கீழ இருக்குற கோட வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன், நீங்க அடிக்கிறப்போ இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. 'ஒய்'னா அந்த ஒத்த எழுத்து, சின்னது, 'என்'னும் அப்படித்தான். 'பெரிய ஒய்'னா கேப்பிட்டல். \என் வந்தா அது புது வரி, அதாவது என்டர். பிரிண்ட்எஃப் ஸ்க்ரீன்ல காட்டும், ஸ்கேன்எஃப் கீபோர்ட்ல அடிக்கிறத வாங்கும், அதுல பெர்சன்ட் டின்னா நம்பர், பெர்சன்ட் சின்னா ஒத்த எழுத்து. இன்ட்ங்கிறது நம்பர் வைக்கிற வேரியபிள், சார்ங்கிறது ஒத்த எழுத்து வைக்கிற வேரியபிள்.

இன்ட் நிறுவை, கூட்டு, மொத்தம் = 0, ஐ;
சார் பதில்;

டூ {
    கூட்டு = 0;
    ஃபோர் (ஐ = 1; ஐ <= 3; ஐ++) {
        பிரிண்ட்எஃப்("%டி வது நிறுவை: ", ஐ);
        ஸ்கேன்எஃப்("%டி", &நிறுவை);
        கூட்டு = கூட்டு + நிறுவை;
    }
    பிரிண்ட்எஃப்("இவங்க கிலோ: %டி\என்", கூட்டு);
    மொத்தம் = மொத்தம் + கூட்டு;

    பிரிண்ட்எஃப்("இன்னொரு ஆளா? ");
    ஸ்கேன்எஃப்("%சி", &பதில்);
} வைல் (பதில் == 'ஒய்' || பதில் == 'பெரிய ஒய்');

பிரிண்ட்எஃப்("எல்லாருக்கும் சேத்து: %டி\என்", மொத்தம்);

வெறும் வைல் போடாம டூ வைல் போட்டதுக்கு காரணம், வைல் மொதல்ல கேட்டுட்டு தான் உள்ள விடும், டூ வைல் ஒரு தடவை செஞ்சி முடிச்சிட்டு அப்புறமா கேக்கும். நமக்கு மொத ஆளோட கணக்கு எப்படியும் பாத்தே ஆகணும், அதனால இங்க டூ வைல் தான் பொருத்தம். கடைசி வைலுக்கு பின்னாடி செமிகோலன் வேணும், சாதாரண வைல்ல அந்த எடத்துல போட்டா தப்பு, டூ வைல்ல போடாட்டி தப்பு.

கூட்டு = 0 எங்க நிக்குதுன்னு பாருங்க, லூப்புக்கு உள்ள. மொத்தம் = 0 வெளிய. இத மாத்தி வச்சா ரெண்டாவது ஆளுக்கு மொத ஆளோட கிலோவும் சேந்து விழும், அம்மாவுக்கு 21 வந்தா அத்தைக்கு 40 காட்டும், அத்தை சந்தோஷப்படுவாங்க ஆனா கணக்கு பொய். ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா ஆரம்பிக்க வேண்டியது உள்ள, சுத்து சுத்தா சேந்துக்கிட்டே போக வேண்டியது வெளிய. திரும்ப ஓடுற புரோகிராம் எதுல கணக்கு தப்பா வந்தாலும் நான் மொதல்ல பாக்குறது இத தான்.

இன்னொன்னு, சார் பதில்ங்கிறத டூவோட பிராக்கெட்டுக்கு உள்ள டிக்ளேர் பண்ணிட்டு கீழ வைல்ல யூஸ் பண்ணா கம்பைலர் அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லும். பிராக்கெட் மூடுன ஒடனே உள்ள பொறந்தது எல்லாம் போயிரும், வைல் கண்டிஷன் அந்த பிராக்கெட்டுக்கு வெளிய நிக்குது. கண்ணுக்கு ஒரே வரில தெரியிறதால நெறைய பேருக்கு இது புரியிறதில்ல, மேல வெளியவே டிக்ளேர் பண்ணிருங்க.

இப்ப ஓட்டி பாருங்க. மூணு நிறுவையும் வாங்கும், கூட்டி சொல்லும், இன்னொரு ஆளான்னு கேக்கும், நீங்க கைய வைக்கிறதுக்குள்ள எல்லாருக்கும் சேத்துன்னு மொத்தத்த காட்டிட்டு முடிஞ்சிரும். கம்பைலர் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாது. நான் படிக்கிறப்போ இதே பிரச்சினைல ரெண்டு நாள் ஒக்காந்தேன், படிச்ச எடத்துல கேட்டதுக்கு எஃப்ஃப்ளஷ் எஸ்டிடிஇன்னு ஒரு வரி போடு சரியாயிரும்னு சொல்லிட்டு போயிட்டாங்க, ஏன்னு சொல்லல. போட்டேன், லேப்ல இருந்த விண்டோஸ் மிஷின்ல வேலை செஞ்சிச்சி. பிராக்டிகல் டெஸ்ட் அன்னைக்கு லினக்ஸ் மிஷின் குடுத்தாங்க, அதே வரி, அதே புரோகிராம், வேலை செய்யல, மார்க்ஸ் போச்சி. அதுக்கப்புறம் தான் தெரிஞ்சிக்கிட்டேன், 1989ல வந்த சி ஸ்டாண்டர்ட்ல இருந்தே எஃப்ஃப்ளஷ்ங்கிறது வெளிய போற டேட்டாவுக்கு தான் அர்த்தம் சொல்லிருக்கு, உள்ள வர்ற கீபோர்டுக்கு போட்டா என்ன ஆகும்னு ஸ்டாண்டர்ட் எந்த உத்தரவாதமும் தரல. ஒரு கம்பைலர்ல ஓடும், இன்னொண்ணுல ஓடாது. உங்க கொப்பில அந்த வரி இருந்தா தயவுசெஞ்சி அடிச்சிருங்க.

சரி, உள்ள என்ன தான் நடக்குது. நீங்க 12ன்னு அடிச்சி என்டர் தட்டுனா புரோகிராமுக்கு போறது ரெண்டு எழுத்து இல்ல, மூணு எழுத்து: ஒண்ணு, ரெண்டு, புது வரி. மூணும் வரிசையா ஒரு எடத்துல போய் நிக்கும், அதுக்கு பேர் இன்புட் பஃபர். பெர்சன்ட் டிக்கு நம்பர் மட்டும் தான் வேணும், அதனால 1ஐயும் 2ஐயும் எடுத்துக்கிட்டு புது வரிய தொடாம அங்கயே விட்டுட்டு போயிரும். கொழுந்து நிறுக்குற மடுவத்துல சாக்கு படங்க தட்டி கொட்டுறப்போ அடியில ஒரு கை கொழுந்து ஒட்டிக்கிட்டு நின்னா எப்படி, அது அடுத்த நிறுவைல வந்து சேரும்ல, அதே மாதிரி தான்.

மொத நிறுவைக்கும் ரெண்டாவது நிறுவைக்கும் நடுவுல இது ஒங்களுக்கு தெரியவே தெரியாது, ஏன்னா பெர்சன்ட் டி நம்பர தேடுறப்போ முன்னாடி இருக்குற ஸ்பேஸ், டேப், புது வரி எல்லாத்தையும் தானாவே தாண்டி போயிரும். பெர்சன்ட் சி அப்படி இல்ல. அதுக்கு ஸ்பேஸும் ஒரு எழுத்து தான், புது வரியும் ஒரு எழுத்து தான், எது மொதல்ல நிக்குதோ அத எடுத்துக்கும். அதனால பதில்ங்கிறதுக்குள்ள விழுறது மூணாவது நிறுவைக்கு நீங்க தட்டுன என்டர். அது ஒய்யும் இல்ல, பெரிய ஒய்யும் இல்ல, அதனால லூப் நிக்குது.

நம்ப முடியாட்டி ஸ்கேன்எஃப்புக்கு அடுத்த வரில பதில பெர்சன்ட் டி போட்டு பிரிண்ட் பண்ணி பாருங்க, 10ன்னு வரும். எழுத்துக்கு நம்பர் குடுக்குற ஆஸ்கி பட்டியல்ல புது வரியோட நம்பர் 10, சின்ன ஒய் 121, பெரிய ஒய் 89. இந்த 10ஐ ஒரு தடவை கண்ணால பாத்துட்டா அப்புறம் இந்த விஷயத்த மறக்கவே மாட்டீங்க, அதனால இத கட்டாயம் செஞ்சி பாருங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன்.

கண்டிஷன வேற மாதிரி, பதில் != 'என்'னு எழுதிருந்தா இதே தப்பு வேற முகத்தோட வரும். புது வரி என் இல்லையே, அதனால கேள்விய கேட்டுட்டு பதிலுக்கு நிக்காம அடுத்த ஆளோட நிறுவைக்கு போயிரும், போதும்னு சொல்ல விடவே விடாது. ஒருத்தருக்கு ஒடனே முடியிது, இன்னொருத்தருக்கு முடியவே மாட்டேங்குது, ரெண்டு பேருக்கும் வியாதி ஒண்ணு தான்.

மருந்து ஒரே ஒரு ஸ்பேஸ்:

ஸ்கேன்எஃப்(" %சி", &பதில்);

டபுள் கோட்டுக்கும் பெர்சன்டுக்கும் நடுவுல ஸ்பேஸ். அந்த ஸ்பேஸுக்கு அர்த்தம், முன்னாடி ஸ்பேஸோ டேப்போ புது வரியோ எத்தன இருந்தாலும் தாண்டிட்டு வா, ஒண்ணும் இல்லாட்டியும் பரவால்ல. பின்னாடி போட்டுறாதீங்க, பெர்சன்ட் சிக்கு பின்னாடி ஸ்பேஸ் போட்டாலோ பெர்சன்ட் டிக்கு பின்னாடி \என் போட்டாலோ அடுத்த எழுத்து ஒண்ணு வர்ற வரைக்கும் நகராம நிக்கும், என்டர் தட்டி தட்டி பாத்துட்டு ஹேங் ஆயிருச்சின்னு நெனைப்பீங்க.

போன்ல கம்பைலர் ஆப் வச்சி படிக்கிற பிள்ளைங்களுக்கு தனியா ரெண்டு விஷயம், லேப்டாப் இல்லாம படிக்கிறவங்க இங்க நெறைய பேர் இருக்காங்கன்னு எனக்கு தெரியும். போன் கீபோர்ட் மொத எழுத்த தானா கேப்பிட்டல் ஆக்கும், நீங்க ஒய் அடிச்சதா நெனைப்பீங்க ஆனா போனது பெரிய ஒய், அதனால தான் கண்டிஷன்ல ரெண்டையும் போட்டேன். ரெண்டாவது, வாட்ஸ்அப்ல வந்த நோட்ஸ்ல இருந்து கோட காப்பி பண்ணா சிங்கிள் கோட் வளைஞ்ச கோட்டா மாறி வந்திருக்கும், கம்பைலர் ஸ்ட்ரேன்னு ஆரம்பிச்சி 342 அது இதுன்னு நம்பர் காட்டும். அந்த வளைஞ்ச கோட்ட அழிச்சிட்டு உங்க கையால திரும்ப அடிங்க, போயிரும். அப்புறம் 'ஒய்'க்கு டபுள் கோட் போடாதீங்க, டபுள் கோட்டுக்குள்ள ஒத்த எழுத்து போட்டாலும் அது ஸ்ட்ரிங், சாரோட ஒப்பிட முடியாது. பதில் == 'ஒய்' மட்டும் இருக்குற கண்டிஷன்ல ஒத்த ஈக்வல் போட்டுட்டா இன்னும் மோசம், அது கேக்காது, பதிலுக்குள்ள ஒய்ய எழுதி வச்சிரும், லூப் எந்நாளும் ஓடும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது, அதனால 'ஆ'ன்னா ஆமா, 'இ'ன்னா இல்லன்னு வைப்போம்னு ஆசைப்பட்டு செஞ்சி பாத்தேன். வேலை செய்யல, காரணம் தெரிஞ்சப்போ ஆச்சரியமா இருந்திச்சி. எழுத்த பைட்டா வைக்கிற யூடிஎஃப் 8 முறைல ஆ, இ மாதிரி ஒரு தமிழ் எழுத்துக்கு மூணு பைட், சாருக்குள்ள ஒரு பைட் தான் போவும். ஆவுக்கும் இவுக்கும் மொத பைட் ஒண்ணே தான், 224, அதனால பெர்சன்ட் சி எடுக்குறது ரெண்டுலயும் ஒரே துண்டு, வித்தியாசமே தெரியாது. கடைசியா 1 அடிச்சா அடுத்த ஆளு, 0 அடிச்சா போதும்னு வச்சேன், '1' '0'ன்னு சிங்கிள் கோட்டுக்குள்ள போட்டு சாராவே வாங்குனேன். நம்ம வீட்டு ஆளுங்களுக்கு எழுதுறதா இருந்தா இதுவே நல்லது. கேள்விய தமிழ்ல பிரிண்ட் பண்றதும் அப்படித்தான், விண்டோஸ் கறுப்பு ஜன்னல்ல பல நேரம் பெட்டி பெட்டியா தான் வரும், நானு இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதி சமாளிச்சேன்.

இது வரைக்கும் செஞ்சா அசைன்மென்டுக்கு போதும். ஆனா வேற ஆள் கையில குடுக்குறதா இருந்தா போதாது, ஏன்னா மனுசங்க நம்ம நெனைக்கிறத அடிக்க மாட்டாங்க. ஒருத்தர் ஒய் ஈ எஸ்னு முழுசா அடிப்பாங்க. ஒய்ய எடுத்துக்கிட்டு ஈ, எஸ், புது வரி மூணும் பஃபர்ல நிக்கும், அடுத்த சுத்துல பெர்சன்ட் டி வந்து ஈய பாத்து இது நம்பர் இல்லன்னு ஒண்ணும் எடுக்காம போயிரும், நிறுவைல பழைய நம்பரே நிக்கும், மூணு தடவையும் அதே பழைய நம்பர கூட்டிரும். இல்லாட்டி அரைக்கிலோவோட 12.5ன்னு அடிப்பாங்க, 12ஐ எடுத்துட்டு புள்ளில முட்டிக்கிட்டு நிக்கும். அதனால தேவையானத எடுத்த பிறகு வரில மிச்சம் இருக்குறத தொடைச்சி விடணும்:

வாய்ட் துடை(வாய்ட்) {
    இன்ட் சி;
    வைல் ((சி = கெட்சார்()) != '\என்' && சி != ஈஓஎஃப்)
        ;
}

புது வரி வர்ற வரைக்கும் ஒவ்வொரு எழுத்தா எடுத்து தூக்கி போடுது, அவ்வளவு தான். சிய இன்டா வச்சது தெரிஞ்சே தான், ஈஓஎஃப்ங்கிறது சாதாரண எழுத்து இல்ல, இனிமே ஒண்ணும் வராதுன்னு காட்டுற மைனஸ் நம்பர், சார்ல வாங்குனா சில கம்பைலர்ல அது அடையாளம் தெரியாம போயிரும். இத ஸ்கேன்எஃப் ஒண்ணுக்கு பின்னாடி ஒரு தடவை மட்டும் கூப்பிடுங்க, ஏற்கனவே வரி காலியா இருக்குறப்போ கூப்பிட்டா இன்னொரு என்டருக்காக காத்துக்கிட்டு நிக்கும்.

இப்ப கேள்வி கேக்குற பகுதிய இப்படி மாத்துங்க:

டூ {
    பிரிண்ட்எஃப்("இன்னொரு ஆளா? ");
    இஃப் (ஸ்கேன்எஃப்(" %சி", &பதில்) != 1)
        பதில் = 'என்';
    எல்ஸ்
        துடை();
    பதில் = டூலோவர்((அன்சைன்ட் சார்)பதில்);
} வைல் (பதில் != 'ஒய்' && பதில் != 'என்');

டூலோவருக்கு சிடைப் ஹெட்டர் போடணும், எந்த எழுத்து வந்தாலும் சின்ன எழுத்தாக்கிரும், அதனால வெளி லூப்ல பதில் == 'ஒய்' மட்டும் போதும். அன்சைன்ட் சார்னு மாத்தி குடுக்குறது யாராவது தமிழ் எழுத்த அடிச்சா மைனஸ் நம்பர் உள்ள போகாம இருக்க.

அந்த ஆண்ட் குறிய கவனமா பாருங்க, எனக்கு தெரிஞ்சி பாதிப்பேருக்கு மேல இங்க ஆர் போட்டு மாட்டிக்கிறாங்க. ஒய்யும் இல்ல, என்னும் இல்லன்னா திரும்ப கேளு, இதான் நமக்கு வேணும், இந்த உம் உம் ரெண்டும் சேந்தது தான் ஆண்ட். ஆர் போட்டா ஒய் இல்லாட்டி கேளு, அப்படி இல்லன்னா என் இல்லாட்டி கேளுன்னு ஆகுது. ஒரே எழுத்து ஒரே நேரத்துல ஒய்யாவும் என்னாவும் இருக்க முடியாதே, ரெண்டுல ஒண்ணு எப்பவும் உண்மையா இருக்கும், அதனால என்ன அடிச்சாலும் கேட்டுக்கிட்டே இருக்கும். ஆனா வெளி லூப்ல பதில் == போட்டு எழுதுன எடத்துல ஆர் தான் சரி. ஈக்வலுக்கு ஆர், நாட் ஈக்வலுக்கு ஆண்ட், வாய்விட்டு தமிழ்ல சொல்லி பாத்தா தப்பு வராது.

புரோகிராம் ஆரம்பிக்கிற மெயின திரும்ப மெயினுக்குள்ளயே கூப்பிடலாமான்னு சிலர் கேட்டாங்க. சில வெப்சைட்ல அப்படி இருக்கு, சியில அது ஓடவும் செய்யும், ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மெயின் முடியாம மேல மேல அடுக்கிக்கிட்டே போகும், மெயினுக்குள்ள வச்ச 'மொத்தம்'ங்கிற வேரியபிளும் ஒவ்வொரு தடவையும் சைபர்ல இருந்து ஆரம்பிக்கும். வேணாம். வேற வரிக்கு தாவுற கோட்டூ போட்டும் செய்யலாம், ஓடும், ஆனா டூ வைல் இருக்குறப்போ தேவையில்ல. மெனு மாதிரி ஸ்விட்ச் போட்டு எழுதுறவங்க ஒண்ணு ஞாபகம் வைங்க, ஸ்விட்சுக்குள்ள பிரேக் போட்டா ஸ்விட்ச்ச விட்டு தான் வெளிய வரும், லூப்ப விட்டு வராது, அதனால வெளிய போறதுங்கிறதுக்கும் இதே மாதிரி ஒரு வேரியபிள வச்சி லூப் கண்டிஷன்ல பாருங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி, நிறுவை வாங்குற எடம். அத்தை சைபருக்கு பதிலா ஓ எழுத்த அடிச்சிட்டாங்க ஒருநாள். அப்ப என் கோட்ல, சரியான நம்பர் வராட்டி திரும்ப கேளுன்னு மட்டும் எழுதிருந்தேன், தொடைக்கல. ஸ்க்ரீன் முழுக்க நம்பர் மட்டும் நம்பர் மட்டும்னு ஓட ஆரம்பிச்சிருச்சி, அத்தை பயந்து போயி நான் ஒண்ணும் ஒடைக்கலியே தம்பின்னாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அந்த ஓ பஃபர் வாசல்லயே நிக்குது, ஒவ்வொரு தடவையும் பெர்சன்ட் டி வந்து அதையே பாத்துட்டு திரும்பி போவுது, கீபோர்ட்ட தொட கூட சான்ஸ் இல்ல. இப்படி ஆனா கன்ட்ரோல் சி அழுத்தி நிப்பாட்டுங்க. ஸ்கேன்எஃப் எத்தன எடுத்துச்சின்னு ஒரு நம்பர் திருப்பி தரும், அத ஒரு இன்ட்ல வாங்குங்க, அதுக்கு ஆர்ங்கிற ஒத்த எழுத்த பேரா வைங்க, மேல சொன்ன ஆர் குறி இல்ல:

ஆர் = ஸ்கேன்எஃப்("%டி", &நிறுவை);
வைல் (ஆர் == 0) {
    துடை();
    பிரிண்ட்எஃப்("நம்பர் மட்டும்: ");
    ஆர் = ஸ்கேன்எஃப்("%டி", &நிறுவை);
}
இஃப் (ஆர் == ஈஓஎஃப்)
    ரிட்டர்ன் 0;
துடை();

இத ஃபோர் லூப்புக்குள்ள பழைய ஸ்கேன்எஃப் இருந்த எடத்துல வைங்க. ஈஓஎஃப் வர்றது விண்டோஸ்ல கன்ட்ரோல் இசட் அடிச்சி என்டர் தட்டுனா, லினக்ஸ்ல கன்ட்ரோல் டி. இனிமே ஒண்ணும் வராதுன்னு அர்த்தம், அப்ப திரும்ப திரும்ப கேட்டு பிரயோஜனம் இல்ல. அரைக்கிலோவும் கணக்குல வேணும்னா நிறுவை, கூட்டு, மொத்தம் மூணையும் டபுளா மாத்தி ஸ்கேன்எஃப்ல பெர்சன்ட் எல்எஃப், பிரிண்ட்எஃப்ல பெர்சன்ட் புள்ளி ஒண்ணு எஃப் போடுங்க.

எழுதி முடிச்சதும் நல்ல பதில மட்டும் அடிச்சி பாத்துட்டு வச்சிராதீங்க. வெறும் என்டர் தட்டுங்க, கேப்பிட்டல் அடிங்க, ஒய் ஈ எஸ்னு முழுசா அடிங்க, நிறுவைக்கு பேர அடிங்க, 12.5 அடிங்க, நடுவுல கன்ட்ரோல் இசட் குடுங்க. அப்புறம் வீட்ல யார்கிட்டயாவது குடுத்து பக்கத்துல பேசாம ஒக்காருங்க. நான் அம்மாகிட்ட தான் குடுத்தேன், ஏழு பேர் கணக்கு போட்டாங்க, கடைசில 0 தட்டுனாங்க, மொத்தம் வந்திச்சி, அத நம்பாம கொப்பிய எடுத்து திரும்ப ஒரு தடவை கையால கூட்டி பாத்துட்டு "சரியா இருக்கு"ன்னாங்க.